கமலம் கேள்வி

என்னைப் பார்க்க வந்த அந்தப் பெண் எங்கள் பழைய ஊட்டச்சத்துப் பிரிவில் இப்போது வேலை பார்க்கிறாள். படிவங்களை எல்லாம் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம். இனிமேல் வீட்டுக்காரம்மா சொல்லச் சொல்ல எழுத வேண்டியதில்லை, கட்டங்களில் டிக் போட்டால் போதுமாம். பழைய படிவத்தின் முதல் கேள்வியை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று அலுவலகத்தில் பேச்சு நடக்கிறது என்றாள்.

"அதுக்குக் கமலம் கேள்வின்னு பேராமே மேடம்? நீங்க அவங்ககூட வேலை பார்த்தவங்கதானே? அவங்களைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்களேன்."

அவங்களைப் பத்தி! நான் வேலையில் சேர்ந்த அதே நாளில், அதே பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவள் கமலம். இரண்டு பேருக்கும் ஒரே படிப்பு, ஒரே வயது. கேள்விக்கு அவள் பெயர் கிடைத்தது. எனக்கு அவளைப் பற்றி எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. எழுதுகிறேன். ஆனால் நான் எழுதினால் என் கண்ணால் பார்த்தபடிதான் வரும். அந்தக் கண்ணில் கமலத்தின் மேல் எப்போதும் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அதைத் துடைத்துவிட்டு எழுத எனக்குத் தெரியாது.

சுதந்திரம் வந்து சுமார் பத்து வருஷம் ஆகியிருந்தது. என் அப்பா மைசூர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். எங்கள் வீடு மல்லேஸ்வரம். கமலம் கண்டோன்மென்ட் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா ராணுவக் கிடங்கில் கூலி வேலை பார்த்தார். அவர்கள் பௌத்தக் குடும்பம். வீட்டுச் சுவரில் புத்தர் படத்துக்குக் கீழே இவள் வாங்கிய பரிசுக் கோப்பைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அவள் பள்ளியில் பேச்சுப் போட்டியில் வாங்கியவை. நானும் பேச்சுப் போட்டிக்குப் போனவள்தான். எனக்கு எப்போதும் இரண்டாம் பரிசு.

எங்கள் மேலதிகாரி டாக்டர் சாரதம்மா. கன்னடக்காரர். எங்களோடு கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதிக் கொடுத்ததை ஜன்னலோரம் நின்றுகொண்டு, பென்சிலின் மொட்டை முனையால் வரி வரியாகத் தொட்டுப் படிப்பார். எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். தப்பு இருந்தால், "காபி குடிக்கிறியா?" என்பார். அவர் அறையில் காபி குடித்தவர்கள் முகம் தொங்கித்தான் வெளியே வருவார்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஊரார் வீட்டுச் சமையலறைக்குள் போகும் முன்பு, ஒரு வாரம் எங்கள் சாப்பாட்டை நாங்களே நிறுத்து எழுதச் சொன்னார். தட்டுத் தராசோடு நான் வீட்டுக்குப் போனதும் அம்மா பயந்துவிட்டாள். "சோத்தை நிறுத்துத் தின்னா திருஷ்டி பட்டுடும்டி" என்றாள். நான் விடவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொண்டு போனேன்.

டாக்டர் பென்சிலை நகர்த்திக்கொண்டே வந்தார்.

"காபி குடிக்கிறியா, வத்சலா?"

பென்சில் முனை ஒரே வரியில் நின்றிருந்தது.

"தினமும் ஒரே அளவு சோறு, ஒரே அளவு ரசம். மறு சோறு ஒரு நாள்கூட இல்லை. நீ மனுஷியா, மெஷினா? நிஜமா இவ்வளவுதான் தின்னியா?"

"ஆமா டாக்டர். நிஜமாவே அவ்வளவுதான் சாப்பிட்டேன்."

"தராசைப் பார்த்ததும் உன் பசி அடங்கிப்போச்சு. ஹௌதா, இல்லையா? இதை ஞாபகம் வெச்சுக்கோ. நீ போற வீட்டிலேயும் இதுதான் நடக்கும்."

கமலம் எழுதியதையும் படித்தார். அந்த வாரம் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எத்தனை லட்டு, எவ்வளவு பிரியாணி, மறுநாள் வயிறு சரியில்லாமல் வெறும் மோர் குடித்தது வரை எழுதியிருந்தாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இதுதான் மனுஷி சாப்பாடு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்று ஆரம்பித்தது எனக்கு.

வேலை இப்படித்தான். ஒரு பேட்டையில் வாரம் ஒரு நாள் மத்தியானம் பெண்களைக் கூட்டி வகுப்பு எடுப்போம். ராகி, கீரை, கடலைக்காய், முளைகட்டிய பயறு இவற்றின் அருமையைச் சொல்லிச் சமைத்துக் காட்டுவோம். வகுப்பு தொடங்கும் முன்பும், நடுவிலும், முடிந்த பிறகும் அதே வீடுகளுக்குப் போய் அளப்போம். அடுப்புப் பற்றவைக்கும் முன்பே போய்விட வேண்டும். அரிசி, பருப்பு எல்லாம் பச்சையாக நிறுக்க வேண்டும். கீரையை ஆய்ந்த பிறகுதான் நிறுக்கலாம், தண்டோடு நிறுக்கக் கூடாது. எண்ணெய்ப் புட்டியைச் சமையலுக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை நிறுத்தால் செலவானது தெரியும். சாயங்காலம் மறுபடி போய் மிச்சத்தை நிறுக்க வேண்டும். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை மட்டும் வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதுவோம். அதற்குப் பிறகு வேலை. தண்ணீர் சுமந்தது, ராகி அரைத்தது, நின்றது, உட்கார்ந்தது எல்லாம். "தின்னதை எழுதிட்டு உழைச்சதை எழுதலைன்னா அது அரைக் கணக்கு" என்பார் டாக்டர்.

எனக்குக் கொடுத்தது அலசூர் ஏரிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகள். கமலத்துக்கு அதற்கு இரண்டு தெரு தள்ளி. என்னை எல்லோரும் "டீச்சரம்மா" என்றார்கள். நான் போனால் பாயை உதறிப் போடுவார்கள், பிள்ளைகளை அதட்டி வெளியே அனுப்புவார்கள். கமலம் அவள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள். "கமலக்கா, இங்க வந்துட்டுப் போ!" என்று. என் காதுக்கு அது நாராசமாக இருக்கும்.

என் லைனில் சிறந்த மாணவி ராஜம்மா. நாற்பதை நெருங்கியவள், பிள்ளை இல்லை. கணவன் மில் தொழிலாளி. அவன் ஆனேக்கல் பக்கத்திலிருந்து செல்வி என்ற சின்னப் பெண்ணை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒரே வீட்டில் நடுவே தடுப்பு வைத்து இரண்டு அடுப்பு. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. செல்வி மாசமாக இருந்தாள். வகுப்புக்கு வரமாட்டாள். ராஜம்மா வருகிற இடத்துக்கு அவள் வருவதில்லை.

ராஜம்மா ஒரு வகுப்பையும் விட்டதில்லை. கீரையை அந்த லைனில் சொப்பு என்பார்கள். "சொப்புல கடலைக்காய்ப் பொடி தூவினா ருசியும் ஆச்சு, சத்தும் ஆச்சு, இல்ல டீச்சரம்மா?" என்று நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்வாள். அளக்கப் போகும் நாட்களில் அவள் முறத்தில் முருங்கைக்கீரையோ தண்டுக்கீரையோ ஆய்ந்து தயாராக இருக்கும். சாயங்காலம் சட்டி காலியாக இருக்கும்.

"என்ன சாப்பிட்டீங்க ராஜம்மா?"

"ராகி முத்தே, சொப்புக் கூட்டு, ஒரு கை பயறு."

முத்தேயைக் களி என்று எழுதிக்கொள்வேன். நடு அளவையில் எங்கள் பிரிவிலேயே என் லைன்தான் முதலில் வந்தது. கமலத்தின் தெருவில் முன்னேற்றம் கொஞ்சம்தான். அவளுடைய பெண்கள் பாதிப் பேர், "எங்க செய்யறது கமலக்கா, நேரமே இல்ல" என்று உள்ளதைச் சொல்லியிருந்தார்கள். நான் அந்த ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் ராஜம்மா தெருக்குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். எடை போட்டோம். வகுப்பு ஆரம்பித்த நாளில் இருந்ததைவிட நன்றாகவே குறைந்திருந்தாள். அலுவலகத்துக்குத் திரும்பியதும் நான் எழுதியவற்றை ஜன்னலோரம் வைத்துப் படித்தார்.

"காபி குடிக்கிறியா?"

"டாக்டர், நான் ஒரு அவுன்ஸ்கூடத் தப்பா நிறுக்கலை."

"தெரியும். உன் தராசு பொய் சொல்லாது. ஆனா இதுல எழுதினபடி தின்ன பொம்பளை இப்படிப் போய் விழ மாட்டா. சட்டியில இருந்தது யாரோ வயித்துக்குப் போயிருக்கு. அவ வயித்துக்கு இல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "நாளைக்குக் கமலம் போகட்டும். நீயும் கூடப் போ."

என் லைனுக்குக் கமலம்! நான் ஒரு வருஷமாகத் தராசும் கையுமாக நடந்த இடத்துக்கு, என் ராஜம்மாவிடத்துக்கு! அன்று சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. கமலம் தோற்றுப்போய்த் திரும்ப வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அப்படியானால் ராஜம்மாவின் கதி என்ன என்று அந்த வேண்டுதலின் நடுவில் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் போனோம். குழாயில் தண்ணீர் வரும் நேரம். ராஜம்மா சுவரில் சாய்ந்து குடத்துக்காகக் காத்திருந்தாள். கமலம் படிவத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று, தெருவில் யாரைப் பார்த்தாலும் எல்லோரும் கேட்பதைக் கேட்டாள்.

"இன்னாக்கா, சாப்டியா?"

ராஜம்மா அவளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லம்மா" என்றாள்.

"நேத்து?"

"கஞ்சித் தண்ணி."

கமலம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினாள். என்னைத் தள்ளிப் போகச் சொன்னாள்! போனேன். எதிர்ச் சுவரோரம் நின்று, அவர்கள் இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜம்மா அழுதாள். கமலம் அவள் முதுகைத் தடவினாள். அதை நின்று பார்த்தது மாதிரி ஒரு கஷ்டம் எனக்கு வேலையில் வேறு வந்ததில்லை.

விஷயம் இதுதான். செல்விக்கு மாசமான நாளிலிருந்து உடம்பு சரியில்லை. அவள் அடுப்பில் சோறும் புளித்தண்ணீரும் தவிர ஒன்றும் ஆகாது. ராஜம்மா வகுப்பில் கற்றதையெல்லாம் சமைத்து, முழுவதையும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிடுவாள். அந்த அம்மாள் அதைத் தன் வீட்டுச் சமையல் என்று சொல்லிச் செல்விக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மூத்தாள் கையால் வந்தது என்று தெரிந்தால் செல்வி தொடமாட்டாள். பொறாமையில் மூத்தாள் எதையாவது கலந்துவிடுவாள் என்று செல்வி பயப்படுவாள் என்பது ராஜம்மாவின் எண்ணம்.

சாயங்காலம் தாங்க முடியாமல் நான் தனியாக ராஜம்மா வீட்டுக்குப் போனேன்.

"ஒரு வருஷமா வர்றேனே, ராஜம்மா. என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? இன்னைக்கு வந்தவகிட்டச் சொன்னீங்களே!"

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க கேக்கவே இல்லியே டீச்சரம்மா. எப்ப வந்தாலும், என்ன சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னுதான் கேட்டீங்க. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன். கமலக்கா சாப்டியான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல ஒரு எடம் கெடச்சுது."

வேறு எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "உங்களுக்கு அந்தப் பொண்ணுமேல கோவமே இல்லையா?"

"யாரு சொன்னா?" அவள் குரல் சட்டென்று ஏறியது. "அவரு அந்தப் பக்கம் ஒக்காந்து துன்ற சத்தம் கேட்டா எனக்கு வயிறெல்லாம் எரியுது. அவ தலையில பூ வாசனை வந்தா எரியுது. எரிஞ்சா எரியட்டும். அதுக்குன்னு அந்தப் புள்ள சவலையாப் பொறக்கணுமா? அவரு புள்ளன்னா எனக்கும் புள்ளதான். நீங்கதானே சொன்னீங்க, வயித்துல இருக்கறப்போ தாய் துன்றதுதான் புள்ளைக்குன்னு."

சொன்னது நான்தான். வகுப்பில் படம் காட்டிச் சொன்னேன். ஒருத்தி அதை இப்படி எடுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்ததில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ராஜம்மாவை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். செல்வியைக் கர்ப்பிணிப் பெண்கள் பட்டியலில் சேர்த்து, பால் பவுடர் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன், நீ இனிமேல் உன் சாப்பாட்டை நீ சாப்பிடு என்றார். ராஜம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அவள் முகம் வாடிவிட்டது.

"அப்ப என் சொப்பு வேணாமா?"

டாக்டர் அன்றுதான் எங்கள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணும். பாதி நீ தின்னு, பாதி அனுப்பு. நீ மறுபடி விழுந்தா அந்தப் பாதியும் நின்னுபோகும். ஆயித்தா, சரியா?"

"ஆயித்து" என்றாள் ராஜம்மா.

யார் வீட்டுக்குச் சாப்பாடு போயிற்று என்பதை எங்கேயும் எழுதக் கூடாது என்று கமலம் கேட்டுக்கொண்டாள். டாக்டர் ஒப்புக்கொண்டார். அடுத்த வாரமே படிவம் மாறியது. "என்ன சாப்பிட்டீர்கள்" என்பதற்கு மேலே, "நேற்று சாப்பிட்டீர்களா" என்று ஒரு கேள்வி வந்தது. அதை மட்டும் படிவத்தை மூடி வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கேட்க வேண்டும் என்று உத்தரவு. எல்லோரும் அதைக் கமலம் கேள்வி என்று சொல்லத் தொடங்கினார்கள். நானும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அதைக் கேட்டேன். அது நல்ல கேள்வி. பிரிவிலேயே முதல் இடம் பிடித்திருந்த என் லைனின் முன்னேற்றமெல்லாம் அந்தக் கேள்வியில் பாதியாகக் கரைந்து போயிற்று. மிஞ்சிய பாதி நிஜம். ஆனால் கேட்கும் ஒவ்வொரு தடவையும் என் வாயிலிருந்து அவள் பெயரே வருவது போல இருக்கும்.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று இருந்தது. அதற்குச் சில மாதங்கள் கழித்து ஐதராபாத்தில் மேல்பயிற்சிக்கு எங்கள் பிரிவுக்கு ஓர் இடம் கிடைத்தது. யார் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு எல்லோரும் வழியனுப்பப் போனோம். மாலையை வாங்கியது நான்தான். வாடின பூ ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஒன்றுகூட இல்லை. கமலம் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லாம எனக்கு அங்கே போர் அடிக்கும்டி" என்றாள். அவள் மனசார அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கமலம் ஊரில் இல்லாதபோது அவளுடைய தெருவும் என் பொறுப்பில் வந்தது. ராஜம்மாவின் லைனுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். அவள் தேறியிருந்தாள். எடை ஏறியிருந்தது. இரண்டு அடுப்பும் இன்னும் தனித்தனியாகத்தான் எரிந்தன. பேச்சும் இல்லை. பக்கத்து வீட்டு வழியாகப் பாத்திரம் போவது மட்டும் நிற்கவில்லை.

ஒரு மத்தியானம் ராஜம்மா ரேஷனுக்குப் போயிருந்தாள். செல்வி அவள் பக்கத்து வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் மசித்த சோறும் கீரையும். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள்.

"கீரை நீங்க செஞ்சதா?"

"பக்கத்து வூட்டம்மா குடுத்தாங்க" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, குழந்தையின் வாயைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தாள். "அந்தம்மாவுக்கு உப்புப் போடவே தெரியாது டீச்சரம்மா. இது அவங்க சமையலா? பூண்டைத் தோலோட நசுக்கிப் போடறது இந்த லைன்லயே மூத்தவ ஒருத்திதான்."

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாள்லேருந்து."

"தெரிஞ்சேவா சாப்பிட்டீங்க? பயமா இல்லையா?"

"கெடுக்கணும்னு நெனைக்கறவ இவ்ளோ ருசியா செய்வாளா? நானும் பொம்பளதானே." குழந்தை கை நீட்டியது. இன்னொரு வாய் ஊட்டினாள். "அவளைக் கண்டா எனக்கு ஆவாது. அவரு இன்னும் அவகிட்டத்தான் எல்லாத்துக்கும் யோசனை கேக்கறாரு, எனக்குப் பத்திகினு வரும். ஆனா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவா. வீம்பு புடிச்சவ. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"கமலக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பேன் நான்!

"ஊஹூம். உங்ககிட்டத்தான் சொல்றேன்."

அன்று நான் பஸ்ஸில் போகாமல் எம்.ஜி. ரோடு வழியாக நடந்தே வீட்டுக்குப் போனேன். காரணமே இல்லாமல் வழியில் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

சொன்ன சொல்லை நான் மீறவில்லை. ராஜம்மாவும் செல்வியும் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கடைசி வரை அந்த வீட்டில் இரண்டு அடுப்புதான். ராஜம்மா படுத்த படுக்கையானபோது அவளுக்குக் கஞ்சி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அப்போது செத்துப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய மருமகள் கொண்டுபோய்க் கொடுப்பாள். அது எந்த அடுப்பில் கொதித்தது என்று யாரும் கேட்கவில்லை.

கமலம் திரும்பி வந்து, படிப்படியாக உயர்ந்து எங்கள் பிரிவுக்கே தலைவியானாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள் முதல் வகுப்பில் ராஜம்மாவின் கதையைத்தான் சொல்வாள். அருமையாகச் சொல்வாள், பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கினவள் இல்லையா. குழாயடி, கஞ்சித் தண்ணி, பாதி தின்னு பாதி அனுப்பு எல்லாம் வரும். பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கடைசியில் குரலை இறக்கி, "அந்த இளையவளுக்குக் கடைசி வரைக்கும் அந்தச் சாப்பாடு யார் கையால வந்ததுன்னு தெரியவே தெரியாது" என்று முடிப்பாள். பிறகு முன்வரிசையில் இருக்கும் என்னைக் கை காட்டுவாள்.

"வத்சலா கூடவே இருந்தா. நீயே சொல்லு, வத்சலா. தெரியுமா அவளுக்கு?"

"தெரியாது" என்பேன்.

அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கமலத்தின் மேல் பொறாமையே இருக்காது.